காரில் போட்டால் போன் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது, சாக்கெட்டை மாற்ற வேண்டுமா?

லைட்டர் சாக்கெட்டில் போட்டால் மெதுவாக ஏறுகிறது, மேப் ஓடினால் இறங்கவும் செய்கிறது என்கிறீர்கள். சாக்கெட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அந்த வகையில் நான் ஏற்கெனவே காசைத் தொலைத்தவன்.

வளைகுடாவிலிருந்து வந்த மச்சினனை அழைக்க நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனேன். கிளம்பும்போது போனில் 41 சதவீதம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இரண்டரை மணி நேரம். வழி முழுக்கச் சார்ஜரில்தான் கிடந்தது. போய்ச் சேர்ந்து பார்த்தால் 36.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ஃப்யூஸ் வீக்கா இருக்கு" என்று அதை மாற்றிக் காசு வாங்கினார்கள். அப்புறமும் அதே கதைதான். ஃப்யூஸ் எரிந்தால் சார்ஜே ஏறாது. மெதுவாகவாவது ஏறுகிறது என்றால் ஃப்யூஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சாக்கெட்டுக்கும் சக்திக் குறைவு கிடையாது. 12 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் போகும். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றாலும் 120 வாட் தாங்கும். போனுக்கு 20 வாட் கிடைத்தாலே தாராளம். அப்படியானால் நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது.

எனக்கு ஒழுகியது கேபிளில். மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடைத் தம்பி என் கேபிளை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சார்ஜர்ல ஒண்ணுமில்ல, இந்த வயரத் தூரப் போடுங்க" என்றான். வெளியே தடிமனாக ரப்பர், உள்ளே தலைமுடி மாதிரி கம்பி. மலிவான கேபிளில் பவர் கம்பி 28 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) இருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் 2 ஆம்பியர் இழுத்தால் போக வர 0.8 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.2 வந்து சேர்ந்தால் போன் என்ன செய்யும்? இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 கேஜ் என்றால் (எண் குறையக் குறையக் கம்பி தடிமன்) இழப்பு பாதிக்கும் கீழே. அதனால் முதலில் காரில் இருக்கும் அதே கேபிளை வீட்டுச் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். வீட்டுக் கேபிளோடு சோதித்துவிட்டு 'போன் நல்லாத்தான் இருக்கு' என்று திருப்திப்படுவதில் பயனில்லை, நானும் அதைத்தான் செய்தேன்.

கேபிள் தேறினால் அடுத்தது அடாப்டர். அதன் மேல் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் வெறும் 5 வாட். மேப், முழு வெளிச்சத்தில் திரை, ஹாட்ஸ்பாட் மூன்றும் சேர்ந்தால் அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். 3.1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு ஓட்டைக்கும் சேர்த்துத்தான். டைப்-சி ஓட்டையில் PD (பவர் டெலிவரி என்ற வேகச் சார்ஜ் முறை) 20 வாட் அல்லது அதற்கு மேல் என்று இருப்பதை வாங்குங்கள். அது 9 வோல்ட்டில் அனுப்புவதால் கம்பியில் இழப்பும் குறைவு. ஒப்போ, ஒன்பிளஸ் போன் என்றால் பெட்டியில் போட்ட 67, 80 வாட் வேகத்தைச் சாதாரணக் கார் சார்ஜரில் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு அவர்கள் வழிமுறைக்கு ஒத்துப்போகும் அடாப்டரே வேண்டும். மியூசிக் சிஸ்டத்தில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டை பல வண்டிகளில் பாட்டுக்காக வைத்தது. அரை ஆம்பியர்தான் தரும். அதில் போட்டுவிட்டுக் காரைத் திட்டக் கூடாது.

இன்னொன்று, நம்ம ஊருக்கே உரியது. குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதா? உப்புக்காற்றில் சாக்கெட்டின் உட்சுவரிலும் அடியில் இருக்கும் நடுப் பித்தளையிலும் பச்சையாகக் களிம்பு ஏறும். அடாப்டர் ஆடும், குழியில் இறங்கினால் போன் 'டிங்' என்று மறுபடி மறுபடி சத்தம் போடும். இந்தச் சத்தம்தான் அடையாளம். காய்ந்த துணியைப் பென்சில் முனையில் சுற்றித் துடைத்தாலே போதும்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டரில் போன் சுட்டால் அதுவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றினேன், அதற்கப்புறம் மதிய நேரத்திலும் ஏறுகிறது.

துடைக்கும்போது மட்டும் ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். எனக்கு அது தெரியாது. 'டப்' என்று ஒரு பொறி, அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே ஃப்யூஸ் மாற்ற வேண்டி வந்தது.