வாசகர் கேள்விகள்: ஜான் லாக்கை எந்தப் பதிப்பில் படிப்பது?

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் (1632–1704) எழுதிய நூல்கள் குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பதிப்புக் குழப்பத்தைப் பற்றியவை. அவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ‘மனித அறிதிறன் பற்றிய கட்டுரை’யில் நூல் 1, இயல் 2 படிக்கச் சொன்னார்கள். இணையத்தில் இறக்கிய பழைய பிரதியில் அந்த இடத்தில் வேறு இயல் இருக்கிறது. வகுப்புக் குறிப்பு தவறா, பிரதி தவறா? – முதுகலை மாணவி, திருச்சி

இரண்டும் சரிதான். ‘கட்டுரை’ நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிந்தது, ஒவ்வொரு பகுதிக்கும் ‘நூல்’ என்று பெயர். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 1894இல் ஃபிரேசர் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகவோ அதன் வழி வந்ததாகவோ இருக்கும். அதில் முன்னுரைக்கு எண் கிடையாது. பிறவியிலேயே மனதில் பதிந்த கொள்கைகள் இல்லை என்று வாதிடும் இயலில்தான் முதல் நூலின் இயல் 1 தொடங்கும். இன்று ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது 1975இல் வந்த பீட்டர் நிடிச் பதிப்பை. அதில் முன்னுரையே இயல் 1. ஆக, உங்கள் வகுப்பில் சொன்ன இயல் 2 உங்கள் பிரதியில் இயல் 1. முதல் நூல் முழுவதும் இந்த ஒன்றைக் கழித்துக்கொண்டால் போதும். நூல் 2 முதல் 4 வரை இந்தச் சிக்கல் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கட்டுரை’யை லாக் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடவில்லை. முதல் பதிப்பு 1689 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் 1690 என்று இருக்கும். 1694இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நூல் 2இல் ‘ஒருமையும் வேற்றுமையும்’ என்ற இயலைப் புதிதாகச் சேர்த்து, அதற்கு 27 என்று எண் கொடுத்தார். ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடலில் புகுந்தால் அந்த ஆள் யார் என்று கேட்கும் புகழ்பெற்ற பகுதி அங்கேதான், பிரிவு 15இல், இருக்கிறது. முதல் பதிப்பின் நகலில் அதைத் தேடினால் கிடைக்காது. அதில் இயல் 27 ‘பிற உறவுகள்’ பற்றியது. அந்த இயலும் அதற்குப் பின்னால் வருபவையும் இரண்டாம் பதிப்பிலிருந்து ஒவ்வோர் எண் தள்ளிப் போயின. 1700 என்று தேதியிட்ட நான்காம் பதிப்பில் இன்னும் இரண்டு இயல்கள் சேர்ந்தன: நூல் 2இன் கடைசியில் எண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பற்றி ஒன்று, நூல் 4இல் இயல் 19ஆக மதவெறி உணர்ச்சி பற்றி ஒன்று.

ஸ்கேன் செய்த பிரதியில் தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தாலும் பதிப்பைக் கண்டுபிடிக்கலாம். நூல் 2இன் கடைசி இயல் எண்ணைப் பாருங்கள். 31 என்றால் முதல் பதிப்பின் வாசகம். 32 என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது. 33 என்றால் நான்காவது அல்லது அதற்குப் பிந்தையது. நூல் 4இல் 20 இயல்கள் இருந்தால் நான்காம் பதிப்புக்கு முந்தையது, 21 இருந்தால் நான்காவதோ அதற்குப் பின்னோ. பக்க அடியில் வூஸ்டர் ஆயருக்கு எழுதிய பதில்கள் நீளநீளமான குறிப்புகளாக ஓடினால், அது லாக் மறைந்தபின் 1706இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழி வந்தது. அந்தக் குறிப்புகளை ‘கட்டுரை’யின் வாசகமாக மேற்கோள் காட்டக் கூடாது. அவை அந்த ஆயர் ஸ்டில்லிங்ஃப்லீட்டுடன் 1697 முதல் 1699 வரை அச்சில் நடந்த வாதத்திலிருந்து எடுத்துப் போட்டவை.

இயல்கள் கூடியது மட்டுமா? கருத்தும் மாறியது. நூல் 2, இயல் 21இல் மனித விருப்பத்தை எது செலுத்துகிறது என்ற கேள்விக்கு, பெரிய நன்மை எதுவோ அதுதான் என்று முதல் பதிப்பில் சொன்னவர், இரண்டாம் பதிப்பில் அதைக் கைவிட்டு, அந்த நேரத்தில் மனதை உறுத்தும் குறைதான் என்று மாற்றி எழுதினார். முதல் பதிப்பை வைத்து எழுதிய ஒருவரும் நான்காம் பதிப்பை வைத்து எழுதிய ஒருவரும் ‘லாக் சொல்கிறார்’ என்று நேரெதிராகச் சொன்னால் வியக்க வேண்டியதில்லை.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் டப்ளின் நகரத்து வில்லியம் மாலினோவின் கடிதங்கள் நிறைய இருக்கின்றன. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கையால் தொட்டே கனசதுரத்தையும் உருண்டையையும் பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மாலினோ கேட்ட இந்தக் கேள்வியை லாக் இரண்டாம் பதிப்பில் நூல் 2, இயல் 9, பிரிவு 8இல் பெயரோடு சேர்த்தார். சொல்ல முடியாது என்பதே இருவரின் பதிலும். முதல் பதிப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள் ஏமாறக் கூடாது என்று, புதிதாகச் சேர்த்த பகுதிகளைத் தனித் தாள்களாகவும் அச்சிட்டார்கள், பழைய பிரதியில் ஒட்டிக்கொள்வதற்கு. அப்படி ஒட்டிய பிரதி கையில் கிடைத்தால் எந்த வரி முதல் பதிப்பு, எது ஒட்டு என்று நிதானமாகப் பார்த்துத்தான் குறிப்பு எடுக்க வேண்டும்.

மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணை மட்டும் எழுதாதீர்கள். நூல், இயல், பிரிவு மூன்றையும் எழுதி, எந்தப் பதிப்பு என்றும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ‘முழுமையான சுதந்திரம், நீதியும் உண்மையும் உள்ள சுதந்திரம், சமமான, பாரபட்சமற்ற சுதந்திரம், அதுவே நமக்குத் தேவை’ என்று லாக் சொன்னதாகப் பல இடங்களில் பார்க்கிறேன். எந்த நூலில்? – ஆசிரியர், மதுரை

‘சமயப் பொறுமை பற்றிய கடிதம்’ நூலின் ஆங்கிலப் பதிப்பில் இருக்கிறது. ஆனால் லாக் எழுதியதில்லை. லத்தீன் மூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் பாப்பிள் தன் முன்னுரையில் எழுதிய வரி அது. முன்னுரையில் அவர் பெயர் இல்லை, நூலில் ஆசிரியர் பெயரும் இல்லை. ஆகவே இரண்டும் ஒருவர் கை என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த நூலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரிகளில் இதுவும் ஒன்று என்பதால் இந்தத் தவறு இன்றும் நிற்கவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் ‘பாப்பிளின் முன்னுரை’ என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். லாக்கின் வாதம் இந்த வரி அளவுக்குப் போகவும் இல்லை: கடவுள் இல்லை என்பவர்களின் வாக்குறுதிக்கும் சத்தியத்துக்கும் பிடிப்பு இருக்காது என்று சொல்லி அவர்களுக்குப் பொறுமை காட்ட மறுக்கிறார்.

மூலம் 1689இல் நெதர்லாந்தின் கௌடா நகரில் அச்சானது. எழுதியது 1685–86 குளிர்காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்தபோது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பி.ஏ.பி.ஓ.ஐ.எல்.ஏ.’ என்ற எழுத்துகள் மட்டும் இருக்கும். லத்தீனில் ‘அமைதியின் நண்பன், துன்புறுத்தலை வெறுப்பவன், ஜான் லாக், ஆங்கிலேயன்’ என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. நூலை அச்சுக்குக் கொடுத்த நண்பர் லிம்போர்க், 1690இல் இந்த ரகசியத்தை வேறு இரு நண்பர்களிடம் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் லாக் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். ஆங்கில மொழிபெயர்ப்பு தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உயிலின் பிற்சேர்க்கையில் எழுதியும் வைத்தார். மொழிபெயர்ப்பின் சொல்லழுத்தங்களை வைத்து நுணுக்கமான வாதம் கட்டுகிறவர்கள் லத்தீன் மூலத்தோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூலில் ஏன் பெயர் போடவில்லை? பிறகு எப்படி அவர் எழுதியது என்று தெரிந்தது? முதல் ஆய்வுரையைத் தவிர்த்துவிட்டு இரண்டாவதை மட்டும் படித்தால் போதாதா? – வழக்கறிஞர், கோவை

அரசனை எதிர்த்து எழுதினால் உயிர் போகும் காலம் அது. ஆல்ஜெர்னன் சிட்னி எழுதி வீட்டில் வைத்திருந்த, அச்சேறாத கையெழுத்துப்படியையே சாட்சியாக்கி 1683 டிசம்பரில் அவரைத் தலை வெட்டினார்கள். அதே ஆண்டு லாக் நெதர்லாந்துக்குத் தப்பிப் போனார். 1689 பிப்ரவரியில், ஆட்சி மாறியபின்தான் திரும்பினார். நூல் அந்த ஆண்டே அச்சானது. இதிலும் தலைப்புப் பக்கத்தில் 1690. ஆபத்து விலகிய பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. 1703இல் ரிச்சர்ட் கிங் என்ற பாதிரியாருக்குப் படிக்க வேண்டிய நூல்களைப் பரிந்துரைக்கும் கடிதத்தில், சொத்துரிமையை ‘இரு ஆய்வுரைகள்’ என்ற நூலைவிடத் தெளிவாக வேறெங்கும் கண்டதில்லை என்று யாரோ எழுதியதைப் போலவே குறிப்பிடுகிறார்! 1704 செப்டம்பரில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர், உயிலின் பிற்சேர்க்கையில்தான் பெயரில்லாமல் வந்த தன் நூல்களைப் பட்டியலிட்டு, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குக் கொடுத்தார். ஐயத்துக்கு இடமில்லாத சான்று அது.

இரண்டாவது மட்டும் போதும் என்ற பழக்கம் பழையது. 1691இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு முதல் ஆய்வுரையை விட்டுவிட்டது. 1773இல் பாஸ்டனில் வந்த முதல் அமெரிக்கப் பதிப்பும் அப்படியே. நாங்கள் இதை ஏற்கவில்லை. வழக்கறிஞரான உங்களுக்குச் சொத்துரிமைதான் முக்கியமாக இருக்கும். உழைப்பைக் கலந்தால் பொருள் உனதாகும் என்ற வாதம் இரண்டாம் ஆய்வுரை, பிரிவு 27இல் இருக்கிறது. உயிர் பிழைக்க வேறு வழியில்லாத ஒருவருக்கு, மற்றவரிடம் மிகுந்திருப்பதில் கடும் வறுமையைத் தீர்க்கும் அளவுக்கு உரிமை உண்டு என்ற வரியோ முதல் ஆய்வுரை, பிரிவு 42இல் இருக்கிறது. ஒன்றை மட்டும் படித்தால் லாக்கின் சொத்துக் கொள்கை பாதிதான் கிடைக்கும். முதல் ஆய்வுரை முழுவதும், அரசனின் அதிகாரம் கடவுள் தந்தது என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மருக்கு மறுப்பு என்பதால் அலுப்புத் தட்டும், உண்மைதான். அதன் 169 பிரிவுகளில் இயல் 4, 5, 9 மூன்றையும் மட்டுமாவது படியுங்கள். பிரிவு எண்கள் இரண்டு ஆய்வுரைக்கும் தனித்தனியாக 1இல் தொடங்குவதால், ‘பிரிவு 42’ என்று மட்டும் எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது.

முதல் ஆய்வுரை பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவதைப் பார்த்து உங்கள் பிரதியில் தாள் விட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். நடுப்பகுதித் தாள்கள் தொலைந்துவிட்டன, அவை மீதி எல்லாவற்றையும்விட அதிகம் என்று லாக்கே முன்னுரையில் சொல்கிறார். அச்சுப் பிழைகள் அவரை மிகவும் வருத்தின. 1698 பதிப்பின் ஒரு பிரதியில் அவரும் உதவியாளர் கோஸ்தும் கையால் எழுதிய திருத்தங்கள் கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. அதை அடிப்படையாகக் கொண்டது பீட்டர் லாஸ்லெட்டின் 1960ஆம் ஆண்டுப் பதிப்பு. வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் 1823ஆம் ஆண்டின் பத்துத் தொகுதித் தொகுப்பு இருக்கிறது. நம்பலாமா? – நூலகர், யாழ்ப்பாணம்

படிக்கலாம், ஆய்வுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. இயற்கைச் சட்டம் பற்றி லாக் லத்தீனில் எழுதிய கட்டுரைகள் 1954இல்தான் அச்சேறின. அவை இதில் இருக்காது. 1671இல் எழுதிய ‘கட்டுரை’ முன்வரைவுகளும் இல்லை. கடிதங்களில் சிறு பகுதிதான் உண்டு. டி பியர் பதிப்பித்த முழுத் தொகுப்பு எட்டுத் தொகுதிகள். மறுபக்கம், பத்தாம் தொகுதியில் உள்ள கடற்பயண வரலாறு லாக் எழுதியதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. அதை அவர் கருத்தாக எடுத்தாளாதீர்கள். தொகுப்பைக் கழித்துவிட வேண்டாம், நாணயம், வட்டி பற்றிய நூல்களை வசதியாகப் படிக்க இன்றும் உதவும்.

கேள்வி: குறிப்பேடு எழுதும் முறை ஒன்றை லாக் வெளியிட்டாராமே? – ஆய்வு மாணவர், சென்னை

ஆம், 1686இல் ஒரு பிரெஞ்சு மொழி இதழில். அவர் அச்சுக்குக் கொடுத்தவற்றில் மிக முந்தையவற்றுள் ஒன்று. தடித்த நோட்டின் முதல் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். 20 எழுத்துகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிரெழுத்துக் கட்டங்கள் போடுங்கள். மொத்தம் 100 கட்டம். கே, ஒய், டபிள்யூ மூன்றையும் லாக் விட்டுவிட்டார். கியூவை இசட்டின் கடைசிக் கட்டத்தில் வைத்தார். எடுக்கும் குறிப்புக்கு ஒரு தலைப்புச் சொல் தேர்ந்தெடுங்கள். அதன் முதலெழுத்து, அதற்கடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இவை சந்திக்கும் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் நோட்டில் அடுத்துக் காலியாக உள்ள இடப்பக்கத்தில் குறிப்பை எழுதி, பக்க எண்ணைக் கட்டத்தில் போடுங்கள். எண் ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய்த் தொடருங்கள். இடம், வலம் இரண்டும் நிரம்பியதும் அடுத்த காலி இடப்பக்கத்துக்குத் தாவி, அந்த எண்ணையும் கட்டத்தில் சேருங்கள்.

வலப்பக்கத்தில் புது வகையைத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வகைகள் கலந்துவிடும். ஒரே பொருளுக்கு ஒருநாள் ‘அரசு’, மறுநாள் ‘ஆட்சி’ என்று தலைப்பு வைத்தாலும் குறிப்பு சிதறும். தமிழில் செய்வது எளிது: ‘கல்வி’, ‘கூட்டம்’ போன்றவற்றில் முதல் எழுத்தே மெய்யும் உயிருமாக இருப்பதால் கட்டம் உடனே தெரியும். உயிரில் தொடங்கும் சொல்லுக்கு இரண்டாம் எழுத்தின் உயிரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜ, ட, ர, ல வரிசைகளுக்கும் இடம் விடுங்கள், பெயர்ச்சொற்கள் வரும்.

குறிப்பெடுத்த நூலின் பக்க எண்ணோடு, அந்த நூலின் மொத்தப் பக்க எண்ணிக்கையையும் எழுதி வைப்பது லாக்கின் வழக்கம். எந்தப் பதிப்பு என்பதற்கு அதுவே அடையாளம். 600 பக்க நூலின் 150ஆம் பக்கத்தில் எடுத்தது, 400 பக்கப் பதிப்பில் 100ஆம் பக்கத்தை ஒட்டி இருக்கும். முன்னுரையும் அடிக்குறிப்பும் கூடக்குறைய இருந்தால் சில பக்கங்கள் முன்பின் தேடவேண்டிவரும்.