குனுப்பூர் ஆந்திராவில் இல்லை, ஒடிசாவில் இருக்கிறது

வணக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் 1928ஆம் ஆண்டுக் கடிதத்தில் 'குனுப்பூர், விசாகப்பட்டினம் ஜில்லா, சென்னை மாகாணம்' என்றிருப்பதாகவும், ஆந்திர வரைபடத்தில் அந்த ஊர் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் பிழையில்லை, எல்லைதான் நகர்ந்துவிட்டது.

அந்த மலைப்பகுதி ஜெய்ப்பூர் ஜமீனைச் சேர்ந்தது (ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் அல்ல). 1936 ஏப்ரல் 1இல் ஒடிசா தனி மாகாணமானபோது, ஜமீன் பகுதி சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து கோராபுட் மாவட்டமாயிற்று. அது 1992இல் நான்காக உடைந்தது: கோராபுட், ராயகடா, மல்கான்கிரி, நபரங்பூர். குனுப்பூர் இன்று ராயகடாவில் இருக்கிறது. ஆகவே கோராபுட்டில் போய்த் தேடி அலையாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். கோந்தர், சவரர், கதபர், பரஜர் ஆகிய பழங்குடியினர் வாழும் இம்மலைகளுக்கு 1839ஆம் ஆண்டுச் சட்டப்படி சமவெளியின் வழக்கமான சட்டங்கள் பொருந்தவில்லை. கலெக்டரே 'ஏஜென்ட்' என்ற பெயரில் தனி அதிகாரத்துடன் ஆண்டார். எனவே பழைய ஆவணங்களில் 'விசாகப்பட்டினம் ஏஜென்சி' என்ற தலைப்பையும் பாருங்கள். சென்னை மாகாணக் கோப்புகள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே செல்லுங்கள். கொள்ளுத்தாத்தா எந்தத் துறையில் வேலை பார்த்தார் என்று கடிதத்தில் குறிப்பு உண்டா? இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.