சேவைக்காலப் பயிற்சியால் பாடசாலை முன்னேறுமா?

"செயலமர்வுக்குப் போய் வந்த ஆசிரியரிடம் ஒரு மாற்றமும் இல்லையே, பிறகு எதற்குச் சேவைக்காலப் பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குத் தரப்படும் இந்தப் பயிற்சி பற்றி நியாயமான கேள்விதான்.

ஒருநாள் செயலமர்வால் கோவையும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கும், பழக்கம் மாறாது. பின்னம் கற்பிக்கும் புது முறையைக் கேட்டு வந்தவர், வகுப்பில் முதல்தரம் தடுமாறுவார். அடுத்த கிழமையே பழையபடி கரும்பலகையில் சூத்திரம். அந்தத் தடுமாற்றத்தின்போதுதான், பாடசாலைக்கு வந்து ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர் கடைசி வாங்கில் இருந்து பார்த்து, பாடம் முடிய அவரோடு பேச வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் 5 கல்வி வலயங்களிலும் ஆலோசகர்கள் உண்டு. ஆசிரியர்களாகிய நாமோ அவர்களைக் கண்டதும் பாடக்குறிப்பைத் தேடி ஓடுகிறோம்!

தீவகத்துச் சிறு பாடசாலையில் கணிதத்துக்கு ஒரே ஆசிரியர் என்றால், அவர் பயிற்சிக்குப் போகும் நாளில் கணித பாடமே இல்லை. அங்கெல்லாம் அயல் பாடசாலை ஆசிரியர்கள் பின்னேரம் கூடி, பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டி, எந்த இடத்தில் பிழைவிடுகிறார்கள் என்று பார்ப்பது கூடுதல் பயன் தரும்.