வெள்ளி-94 ஏன் உடனே இறங்குவதில்லை?

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் இருக்கிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். வெள்ளி-94 அணுக்கருவின் கிளர்வு நிலை (கூடுதல் ஆற்றல் ஏறிய நிலை) ஒன்றுக்கு நீண்ட ஆயுள் என்று படித்தேன். எண்ணைப் பார்த்தால் 0.4 வினாடி! இதையா நீண்ட ஆயுள் என்கிறார்கள்? சித்தர்களின் ரசவாதமே இதுதான் என்கிறார் நண்பர். இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குப் போகலாமா? நான் வெறும் பட்டறைக்காரர் மகன்.

சரவணன், சேலம்

அன்புள்ள சரவணன்,

ரசவாதத்தை நண்பரிடமே விட்டுவிடுங்கள். 'வெறும் பட்டறைக்காரர் மகன்' என்று இனி எனக்கு எழுதாதீர்கள். வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதி, கண்ணி ஒட்டும் அந்த நொடியில் சுடரை விலக்கத் தெரிந்த கை எந்த ஆய்வகத்திலும் எளிதில் கிடைக்காது.

அந்த 0.4 வினாடிக்கு வருகிறேன். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. படித்தவர் செய்யக்கூடாத காரியம். அணுக்கருவின் காலத்தை அளக்க நம் கைக்கடிகாரம் எதற்கு? சாதாரணமான கிளர்வு நிலைகள் பிக்கோ வினாடிக் கணக்கில், அதாவது வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்த பங்குகளில், காமா கதிரை உமிழ்ந்து இறங்கிவிடும். ஒரு பிக்கோ வினாடியை ஒரு வினாடியாக நீட்டிப் பாருங்கள். உங்கள் 0.4 வினாடி 12,000 ஆண்டுகளைத் தாண்டும்.

இதைவிடப் பெரிய விஷயத்தைக் கவனிக்காமலே விட்டுவிட்டீர்கள். அதே வெள்ளி-94இன் தரைநிலைக்கு, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலைக்கு, அரை ஆயுள் (பாதி சிதையும் காலம்) 0.03 வினாடிதான். கீழே இருப்பது முதலில் அழிகிறது. மேலே இருப்பது பத்து மடங்குக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது. வெள்ளி-108ஐ எடுத்துக்கொண்டால் தரைநிலைக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, அதன் ஐசோமருக்கோ, அதாவது நீண்ட ஆயுள் கொண்ட கிளர்வு நிலைக்கோ, 400 ஆண்டுகளுக்கு மேல்.

சில காலமாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'எல்லாப் பொருளும் தாழ்ந்த ஆற்றலை நாடும்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஆசிரியர் இரண்டு மதிப்பெண் போடுகிறார். எந்த வழியாக இறங்கும் என்று கேட்பவர் இல்லை. ஏற்காட்டில் நின்றால் இரவில் சேலத்தின் விளக்குகள் அத்தனையும் தெரியும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இருந்தால்தான் இறங்க முடியும். உயரம் இருக்கிறது என்பதற்காகப் பாதை வந்துவிடாது. இதை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வெள்ளி-94இல் பாதையை மறிப்பது கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு. உங்கள் பட்டறை வெள்ளியில் 47 புரோட்டான்களுக்கு 60 அல்லது 62 நியூட்ரான்கள். இதில் 47க்கு 47தான். 50க்கு 50 என்று கூடு நிறைந்த தகரம்-100ஐ வைத்துப் பார்த்தால், புரோட்டான், நியூட்ரான் என்று இரு பக்கமும் மும்மூன்று காலியிடங்கள். ஒரு பக்கத்தின் மூன்று காலியிடங்கள் தரும் கோண உந்தம் அதிகபட்சம் 9/2, 7/2, 5/2, கூட்டினால் 21/2. இரு பக்கமும் ஒரே திசையில் சேர்ந்தால் 21. நீங்கள் கேட்ட நிலை அதுதான். தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். காமா கதிர் வழக்கமாக ஒன்றிரண்டு அலகு கோண உந்தத்தைத்தான் கொண்டுபோகும். அதற்குத் தோதாக 20, 19 என்று கீழே படிகள் இல்லை. அதனால் அது மேலேயே நிற்கிறது. ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றும் பீட்டா சிதைவாகப் போக வேண்டும், அல்லது அரிதாக ஒரு புரோட்டானைத் துப்ப வேண்டும். இரண்டுமே மெதுவான வழிகள். இரண்டு புரோட்டான்களைச் சேர்த்தே உமிழ்கிறது என்று 2006இல் ஒரு அறிவிப்பு வந்தது. பிறகு வந்த அளவீடுகள் அதைக் கேள்விக்குள்ளாக்கின. இப்படிப் புரோட்டானை உமிழும் கதிரியக்கம் முதன்முதலில், 1970இல், பிடிபட்டதும் ஒரு ஐசோமரில்தான். அது கோபால்ட்-53.

அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்த நாள் நினைவுக்கு வருகிறது. தடித்த உலோக உறைக்குள் இருந்த ஊசியால் டெக்னீசியம்-99எம் போட்டார்கள். அதுவும் ஐசோமர்தான், அரை ஆயுள் 6 மணி நேரம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இன்று முழுக்கக் குழந்தைகளைத் தூக்காதீர்கள் என்றார்கள். சாயங்காலம் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் பேத்தி கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்தே கதை சொன்னாள். நான் வெளியே உட்கார்ந்து, இப்போது பாதி இறங்கியிருக்கும், இப்போது முக்கால் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிலை சட்டென்று இறங்கக்கூடியதாக இருந்திருந்தால் மருந்து எலும்பைப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், படமும் கிடைத்திருக்காது. ஆகவே இறங்கத் தாமதமாவதைக் குறையாகப் பேசாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அப்புறம் பேசலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருக்கும் தேசிய அணுக்கருத் தரவு மையம் எல்லா அணுக்கருக்களின் அட்டவணையையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 47ஆம் வரிசையைத் திறங்கள். 94 முதல் 110 வரை, தரைநிலையைவிட ஐசோமர் அதிக நாள் வாழும் இடங்களை மட்டும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு நிலைகளின் ஸ்பின் (கோண உந்த) எண்களையும் எழுதி அனுப்புங்கள். கையால் எழுதினால் நல்லது.