இரண்டு மூடி பிராந்தி

அன்புள்ள ஐயா,

எனக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பச்சை உடம்பில் குளிர் ஏறிவிடும் என்று அத்தை இரவில் இரண்டு மூடி பிராந்தியை வெந்நீரில் கலந்து தருகிறார். கடற்பாசி எடுக்கப் போய்வந்த நாட்களில் அவரும் அப்படிக் குடித்தவர்தான். வீட்டுக்குப் பார்க்க வந்த நர்ஸம்மா, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டார். அதே திண்ணையில் குவார்ட்டரோடு உட்கார்ந்திருந்த என் கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மூடியில் என்ன வந்துவிடும்? அறிவுரை பெண்களுக்கு மட்டும்தானா?

எம்., பாம்பன்

அன்புள்ள எம்.,

நர்ஸம்மா வேண்டாம் என்றது சரி. கேட்ட கேள்வி கொடுமை.

நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம். அத்தை ஊற்றுவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் இரத்தத்தில் ஏறும் அளவுதான் ஏறக்குறைய பாலிலும் ஏறும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். பாலை இறக்கும் ஆக்சிடோசினையும் அது மட்டுப்படுத்துகிறது. குளிருக்கும் அது மருந்தில்லை. தோலடி இரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும். உடம்போ உள்ளிருக்கும் சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

உங்கள் அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாசியெடுத்துக் கரையேறும் பெண்களை உங்கள் பக்கத்துச் சின்னப்பாலம் கிராமத்தில் பார்த்திருக்கிறேன். விரல்களில் சுற்றிய துணி பாறையில் உரசிக் கிழிந்திருக்கும், உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்த விரல்களுக்கு வேறு யார் என்ன கொடுத்தார்கள்?

பிள்ளையை விட்டுவிட்டு உங்களைப் பற்றிப் பேசுவோம். அதை யாரும் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது 1988இல். தினம் 10 கிராம் குடித்தாலே மார்பகப் புற்றுநோய் அபாயம் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்று பயந்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் அபாயம் பத்தில் ஒரு பங்குவரை வளர்கிறது, அவ்வளவுதான். பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது கூடுதலாக ஏறும். 'கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்ற பழைய ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்து குடியை நிறுத்தியவர்களையும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிந்ததில் வியப்பென்ன?

உங்கள் இரண்டாவது கேள்வி உலகத்துக்கே உரியது. 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கருத்தடை இல்லாமல் உறவுகொள்ளும் பெண்கள் மதுவைத் தொடவே வேண்டாம் என்றது. கருவிலேயே சிசு பாதிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் பெண்ணை வரப்போகும் பிள்ளைக்கான பாத்திரமாக மட்டும் பார்த்ததற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிரிட்டன், ஆண்களுக்கு வாரம் 21 அலகு (ஓர் அலகு 8 கிராம் ஆல்கஹால்) என்றிருந்த வரம்பைப் பெண்களுக்கு உள்ள 14க்கே இறக்கியது. எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது.

அத்தையிடம் மூடியை வைத்துவிட்டுப் பால்சுறாப் புட்டு செய்யச் சொல்லுங்கள். அவர் கை அதில் இன்னும் தேர்ந்ததாக இருக்கும். பிறகு திண்ணைக்குப் போய் இதைச் சத்தமாக வாசியுங்கள்: குவார்ட்டர் என்பது 180 மில்லி, 60 கிராம் ஆல்கஹால். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் என்று புற்றுநோய்ப் பட்டியல் உங்கள் கணவருக்கும் உண்டு.