வீட்டோடு இறக்கிய பத்தியைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

நான் மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறேன். சொந்த இடம் வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து உருத்திரபுரம். அவரவர் ஊரின் பண்பாட்டையும் வரலாற்றையும் எடுத்து அயலுக்கு ஒரு பொதுக்கட்டடம் வரைய வேண்டும் என்பது இந்த அரையாண்டில் எங்களுக்குத் தந்த வேலை. நான் எங்கள் ஊர் வாசிகசாலையான சனசமூக நிலையத்தை எடுத்தேன். வாசலில், கிளிநொச்சியில் போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியைப் போல ஒரு சாய்ந்த கொங்கிறீட் உருளை. நடுவில் நாற்சார் முற்றம். தூண்களில் பண்டாரவன்னியனின் வாள். மேற்கே வயல் தெரிய முழுக் கண்ணாடிச் சுவர். பார்க்க வந்த ஒருவர், "இது நினைவுப்பொருள் கடை மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அழுகை வந்துவிட்டது. கண்டியிலும் காலியிலும் இருந்து வந்த பிள்ளைகளுக்குப் பார்த்து வரைய நூறு வருட வீடுகள் இருக்கின்றன. எங்களுக்கு என்ன மிச்சம்? வன்னிக்கென்று ஒரு கட்டடக்கலை இருக்கிறதா, இல்லை நாங்களாகவே உருவாக்க வேண்டியதுதானா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள பிள்ளைக்கு,

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு நாளாகப் பார்த்தேன். நல்ல கை உங்களுக்கு. ஆனால் வந்தவர் சொன்னதில் பாதி சரி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டி ஏ9 வீதியோரம் விழுந்து கிடந்த காலத்தில் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள், பக்கத்தில் உண்மையாகவே ஒரு நினைவுப்பொருள் கடையும் இருந்தது. உங்கள் வாசிகசாலைக்கு வரப்போகிறவரோ காலை ஏழு மணிக்குப் பேப்பர் பார்க்க வருகிற கமக்காரர். மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்க்க அவர் ஒவ்வொரு நாளும் அந்தச் சாய்ந்த தொட்டிக்குள்ளால் நுழைய வேண்டுமா? வாளும் அப்படித்தான். 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனுக்குக் கற்சிலைமடுவில் ஒரு கல் இருக்கிறது, போதும். தூணில் வாள் நீட்டிக்கொண்டு நின்றால் பெடியள் அதில் ஹெல்மெற்றைக் கொழுவுவார்கள்.

இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். போர்க்காலத்தில் வன்னிச் சனம் தன் கையால் திரும்பத் திரும்பக் கட்டியது பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, கடைசியில் சாக்கும் கிடைக்காமல் சேலைகளைத் தைத்து மண் நிரப்பி. அதையும் ஒரு வடிவமாக எடுக்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். எடுக்காதீர்கள். பள்ளத்துக்குள் இறங்கிப் போகிற மண்டபத்தில் என் அம்மா கால் வைக்க மாட்டா.

நாற்சார் வீடு யாழ்ப்பாணத்தில் வசதியான ஆட்கள் கட்டியது. பழைய வன்னி வளவுகளில் முற்றம் வீட்டுக்குள் இல்லை. வீடு ஒன்று, அடுக்களை தனியே, கொம்பறை ஒன்று, கொஞ்சம் தள்ளி மாட்டுப்பட்டி, இவற்றுக்கு நடுவில் கூட்டித் தண்ணி தெளித்துக் கிடக்கிற வெளிதான் முற்றம். கொம்பறையை உங்கள் வயதில் கண்டிருக்க மாட்டீர்கள்: தடியால் பின்னி, மண்ணும் சாணமும் சேர்த்து மெழுகி, நிலத்தில் படாமல் கால்களில் நிற்கிற நெல்லுக்கூடு. நான் சின்ன வயதில் அதற்குள் ஒளித்திருந்து அடி வாங்கியிருக்கிறேன். சரி, அது வேறு கதை.

நூறு வருட வீடு இல்லை என்கிறீர்கள். போர் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் அது பெரிதாக இருந்திராது. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியதே 1936இல்தான். இரணைமடுவைக் கட்டி, காடு வெட்டி, வாய்க்கால் ஓடி, அப்புறம்தான் இந்த ஊர்கள். அதனால்தான் உங்கள் ஆட்களிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று பதில் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள், அதற்கு முன்பே குளத்தடிகளில் இருந்த சனம், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்கள் என்று எல்லோரும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, முறை தப்பினால் மண்வெட்டியோடு சண்டை பிடித்து, பின்னேரம் ஒரே செத்தவீட்டில் ஒன்றாக இருந்த ஊர் அது. பனையோலையைக் கொங்கிறீட்டில் வார்த்தால் இது வராது.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? பத்தி. வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக இறக்குகிறோமே, அந்தக் கூரையும் அதன் கீழ் இடமும்.

2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாளில் இருந்து தகரக் கொட்டிலுக்கு வந்தோம், அங்கிருந்து கல்வீட்டுக்கு வந்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள், வீட்டுக்கு 5,50,000 ரூபாய், ஏறத்தாழ 550 சதுர அடி. எங்களுடையது வேறொரு திட்டம், பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, உள்ளேயே குசினி. உள்ளே வேண்டாம், விறகுப் புகை வீடு முழுக்க அடிக்கும் என்று அம்மா சொன்னா. பார்க்க வந்த உத்தியோகத்தர் படத்தில் உள்ளபடி இருந்தால்தான் கடைசிக் காசு என்றார். கட்டினோம், கதவு போட்டோம், காசும் வந்தது. அடுத்த கிழமையே அம்மா பின்பக்கம் நாலு கப்பு நடுவித்து, மீந்த தகரத்தால் ஒரு பத்தி இறக்கி, மண் அடுப்புப் போட்டுவிட்டா. அந்த உள் குசினியில் இன்றுவரை யூரியா மூட்டையும் தம்பியின் மோட்டார் சைக்கிளும்தான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் பத்தியை அளந்தேன். அகலம் ஏழு அடி. தகரம் ஐந்தரை அடி உயரத்தில் முடிகிறது, நான் குனிய வேண்டும், அம்மாவுக்குச் சரி. மேற்குப் பக்கம் அரைச்சுவர், அதற்கு மேல் கிடுகு மறைப்பு, சோளகக் காற்றுக் கிளப்புகிற புழுதி சோற்றில் விழாமல். கிழக்குப் பக்கம் திறந்தபடி, அதனால் அடுப்படியில் குந்தியிருக்கிற அம்மாவுக்குக் கிணறும் படலையும் ஒரே பார்வையில் தெரியும், யார் வருகிறார்கள் என்று எழும்பாமலே கண்டுவிடுவா. அடுப்புக்கு எதிரே மூன்று சீமெந்துக் கல்லை அடுக்கிய ஒரு குந்து. பக்கத்து வீட்டு அக்கா வந்தால் வீட்டுக்குள் போகாமல் நேரே வந்து அதில்தான் இருப்பா. விறாந்தையில் போட்ட கதிரை ஆம்பிளைகளுக்கும் கிராம சேவகருக்கும்.

இப்படி ஒவ்வொரு வளவிலும் இருக்கிறது. ஒரு வீட்டில் பத்தி முன்னால் இருக்கும், மகன் அங்கே சைக்கிள் திருத்துகிறான். எங்கள் ஒழுங்கையில் மலையகத்துக் குடும்பம் ஒன்று விறாந்தையைப் பக்கவாட்டில் நீட்டி வரிசையாக மூன்று அறை போட்டிருக்கிறது, கலியாணம் முடித்த மகள்மாருக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்தை நினைத்தா கட்டினீங்கள் என்று கேட்டேன், பெரியவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி தந்தார். கொடுத்த வீடு எல்லாம் ஒரே அச்சு, அதில் ஒட்டியது ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பழைய வளவில் அடுக்களை தனியே நின்ற அதே காரணத்துக்குத்தான் அம்மாவின் அடுப்பும் வெளியே போனது. 2016இல் 65,000 இரும்பு வீடு தரப்போகிறோம் என்று கதை வந்தபோது எங்கள் ஊரில் முதலில் எழும்பிய கேள்வி வெயில்கூட இல்லை, "அதில பத்தி இறக்கலாமோ?" என்பதுதான்.

கண்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே கண்டியில் கட்டடக்கலைஞர் மினெற் டி சில்வா 1950களில் வட்டப்புளுவ வீட்டுத்திட்டத்தை வரைந்தபோது குடியிருக்கப்போகிற ஆட்களிடமே கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்டுத்தான் வரைந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்களும் அதைச் செய்யலாம், ஒரு இருபது வளவு போதும். ஆனால் இங்கே கேள்விக்கொத்தோடு போனால் நிவாரணப் பதிவு என்று நினைத்துச் சனம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரும். கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொஞ்சம் கதைத்துவிட்டு அளவுநாடாவை எடுங்கள். வரைவதில் பத்தியின் உயரம், எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, அதில் இருந்தால் எது தெரிகிறது, இந்த மூன்றையும் விடாதீர்கள்.

இனி உங்கள் கட்டடம். மேற்குக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே பேப்பரும் வாசிக்க முடியாது, இருக்கவும் முடியாது. வயல் பார்க்க விரும்புகிறவர் வயலுக்கே போவார். பழைய நிலையத்துக்கு முன்னால் நிற்கிற வேம்பு உங்கள் படத்தில் இல்லை. வெட்டிவிட்டீர்களா, மறந்துவிட்டீர்களா? அதற்குக் கீழேதான் எல்லோரும் இருப்பார்கள், உள்ளே பேப்பர் மட்டும்தான் இருக்கும். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வருகிற பெண்கள் முன் விறாந்தையில் ஆம்பிளைகள் இருந்தால் வாசலால் ஏறமாட்டார்கள், பக்கத்தால் ஒரு வழி தேடுவார்கள். அந்த வழிக்கு ஒரு பத்தியை நீங்களே இறக்கிக் கொடுங்கள். பின்பக்கம் சனம் தானாக ஒன்று இறக்கும், அதற்குச் சுவரில் வளை தாங்க இடம் விட்டு, அங்கே யன்னல் வைக்காமல் விடுங்கள்.

அப்புறம், கதிரை. எந்த மாணவரின் படத்திலும் நான் இதைக் கண்டதில்லை. செத்தவீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் சனம் கேட்டு வருவது நிலையத்தின் பிளாஸ்ரிக் கதிரைகளையும் கிடாரங்களையும்தான். இரவு பன்னிரண்டு மணிக்கும் லாண்ட்மாஸ்ரரில், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினில், வந்து ஏற்றுவார்கள். அதை வைக்க ஓர் அறை வேண்டும், லாண்ட்மாஸ்ரர் பின்பக்கமாக வந்து நிற்க இடமும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும் என்று எங்கள் நிலையத் தலைவர் சொல்கிறார். அவரே போன மாதம் எண்பது கதிரையை வெளியில் மழைக்கு விட்டவர், ஆகவே நீங்கள் அடுக்கிப் பார்த்து எனக்கு ஓர் அளவு எழுதுங்கள்.