ஏற்காடு ஏரி எரிமலை வாயில் உண்டானதா? ஏரியையும் மலைக்கிராமங்களையும் கைடோடு ஒரே நாளில் பார்த்துவிட்டு சேலம் திரும்ப முடியுமா?

கேட்டவரிடம் யாரோ "ஏற்காடு ஏரி பழைய எரிமலையின் வாய், அதையும் மலையாளி மக்களின் ஊர்களையும் ஒரே நாளில் காட்டுகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மலையாளி என்ற மலைவாழ் மக்களின் ஊர்கள் நிஜம், ஒரு நாளில் பார்க்கவும் முடியும். எரிமலைதான் கதை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன் உருவானது. மேலே மூடியிருந்ததெல்லாம் அரித்துப் போனதால் இன்று வெளியே தெரிகிறது. சென்னை பல்லாவரத்துப் பாறையும் இதே இனம்தான். சந்தேகமிருந்தால் மலைச்சாலை ஓரத்தில் புதிதாக உடைந்த பாறை ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு, பச்சையும் நீலமும் ஓடிய கருஞ்சாம்பல் நிறம், கண்ணுக்குத் தெரியும் கனிம மணிகள். எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறிய கல்லில் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாக இருக்கும், வாயு வெளியேறிய துளைகளும் பல சமயம் இருக்கும். இங்கே அந்த அடையாளம் எதுவும் கிடையாது.

ஏரி கிண்ணம் போல இருப்பதுதான் பலரைக் குழப்புகிறது. மலையின் உச்சி கூம்பாக இல்லை, மேல்தட்டு ஓரளவு சமதளம். அதில் உள்ள ஆழமில்லாத பள்ளத்தில் சுற்றுச் சரிவுகளின் தண்ணீர் சேருகிறது. நிரம்பினால் வழிந்து போய்க் கிளியூர் அருவியாக விழுகிறது. எரிமலை வாய் ஏரி என்றால் சுற்றிலும் வளையம் போல விளிம்பு நிற்க வேண்டும். செம்மண்ணும் எரிமலைச் சாட்சி இல்லை. பாறை பல லட்சம் வருடம் மழையில் மக்கி, இரும்பும் அலுமினியமும் தங்கிப் போனதால் வந்த நிறம் அது. அதனால்தான் உச்சியில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது கிடைத்தது, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டியும் எடுத்தார்கள். அடிவாரத்துப் பக்கம் வெளுத்துத் தெரியும் கரடுகள் சாம்பல் மேடு அல்ல, மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தின் சுரங்கங்கள்.

நிஜமான எரிமலை ஏரிதான் வேண்டுமென்றால் பாஸ்போர்ட் எடுங்கள். சுமத்ராவின் தோபா ஏரி, அதன் நடுவில் சமோசிர் தீவில் பத்தாக் மக்களின் ஊர்கள். அல்லது பாலியின் பத்தூர் ஏரி. மகாராஷ்டிரத்தின் லோனாரைச் சிலர் சொல்வார்கள், அது விண்கல் விழுந்த பள்ளம்.

இனி பயணம். ஏற்காடு டாக்ஸி பேக்கேஜ் "இத்தனை பாயின்ட்" என்ற கணக்கில்தான் ஓடும். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், பூங்கா, நடுவே ஒரு மசாலாப் பொருள் கடை, கடைசியில் போட்டிங். கிராமம் என்று சொன்னாலும் சாலையிலிருந்தே கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: எந்த ஊர், அங்கே யாருடைய வீட்டில் அல்லது தோட்டத்தில் இறங்குகிறோம், அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வருவாரா, மதியச் சாப்பாடு அங்கேயேதானா. இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அவர் டிரைவர், கைடு இல்லை. தொகை வண்டிக்கா ஆளுக்கா, டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம் யார் கணக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஏரியில் தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் முதலில் நிற்பார்கள், பத்து மணிக்கு மேல் ரவுண்டானா பக்கம் வண்டி நகராது. காலை ஆறரைக்குச் சேலத்தில் கிளம்பினால், ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எட்டு மணிக்குள் மேலே இருக்கலாம். வயிற்றில் இரண்டு இட்லி போதும். பொங்கலும் வடையும் ஒரு கட்டு கட்டிவிட்டு ஏறினால் பாதி வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டிவரும். தலைசுற்றும் குழந்தையை ஜன்னலோரம் முன்னால் பார்த்து உட்கார வையுங்கள், கையில் போன் வேண்டாம்.

நேரே சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 1623 மீட்டர், இந்த மலையின் உச்சி அதுதான். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். குனிந்துதான் போக வேண்டும், உள்ளே ஈரமும் இருட்டும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும். அதைப் பார்த்துவிட்டு ஊர்களுக்குப் போனால், அவர்கள் சாமியைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கும் ஒட்டும்.

அங்கிருந்து லூப் ரோடு, மலையைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் சாலை. ஏற்காடு வட்டத்தில் அறுபதுக்கு மேல் மலைக்கிராமங்கள் இருக்கின்றன. நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி பக்கம் ஏதாவது ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். மலையாளி மக்கள் பேசுவது தமிழ், கேரளத்தோடு சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பெரியவர்களைக் கவுண்டர் என்று மரியாதையாகக் கூப்பிடலாம். புல் வேய்ந்த மண்வீடு வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஓடும் கான்கிரீட்டும். பார்க்க வேண்டியது வாசலும் தோட்டமும்: நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி, இடையிடையே பலாவும் கமலா ஆரஞ்சும். காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பழம் பறிப்பதும் களத்தில் காயப்போடுவதும் தெரியும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து ஒரு வாரம் கழித்துப் போனால் தோட்டமே வெள்ளைப் பூ.

கேழ்வரகுக் களி, கீரை, சாமைச் சோறு வேண்டுமானால் முந்தின நாளே சொல்ல வேண்டும். களி கிண்டும் வீட்டில் திடீரென்று பத்துப் பேர் நின்றால் கிடைப்பது கடை பிஸ்கட்தான். சாப்பாட்டுக் காசைக் கைடிடம் கொடுக்காமல் சமைத்தவர் கையில் கொடுங்கள். வீட்டுக்குள்ளும் பெண்களையும் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம், குழந்தைகளுக்குச் சாக்லெட் இறைக்கவும் வேண்டாம். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள். மரத்தடியில் வழவழப்பான சின்னக் கற்கோடாரி போல ஏதாவது சாமியாக இருந்தால் தொடாதீர்கள். இந்த மலையில் புதிய கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சேகரித்த நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில்தான் குடியிருந்தார், நினைவுக்கல்லும் இங்குள்ள ஹோலி டிரினிட்டி சர்ச் வளாகத்தில் இருக்கிறது.

இரண்டு மணிக்குத் திரும்பினால் கிளியூர் அருவியா ஏரியா என்று முடிவெடுங்கள். இரண்டும் சேர்ந்தால் இறக்கம் இருட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்திருந்தால் கிளியூர், சுமார் 300 அடி. படிகள் செங்குத்து, பாசி வழுக்கும், முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்ளலாம். கோடையில் அங்கே வெறும் பாறைதான், ஏரிக்கே போங்கள்.

ஐந்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். பொழுது சாயும் நேரம் காட்டெருமைகள் சாலைக்கு வரும். ஹார்ன் அடித்து விரட்டாமல், வண்டியை நிறுத்தி அது கடக்கும்வரை காத்திருங்கள். காரை இரண்டாவது கியரிலேயே இறக்குங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகிய வாடை வந்ததும் அகலமான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு, இருவர் உட்கார்ந்து இறங்குபவர்கள் நடுவில் இரண்டு முறையாவது நிறுத்த வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி.

கோடை விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பாதைக்குத் திருப்பிவிடுவது வழக்கம். அது அயோத்தியாப்பட்டணம் பக்கம் வந்து சேரும். சேலம் ஜங்ஷனில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.